ஒரே பெட்டியில் லினக்ஸும் ஆர்.டி.ஓ.எஸ்ஸும்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

தேயிலைப் பை கட்டும் மெஷின்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திருத்துவது என் வேலை. பெரும்பாலும் கொழும்பை ஒட்டிய பேலியகொடை, வத்தளை, இடைக்கிடை பியகம. முன்பு மோட்டரை ஓட்ட ஒரு கன்ட்ரோலர், திரைக்கு ஒரு கணினி என்று தனித்தனியாக இருந்தன. இப்போது வரும் மெஷின்களில் இரண்டும் ஒரே கணினியில் ஓடுகின்றன. புரொசசரின் நான்கு கோரில் இரண்டு லினக்ஸுக்கு, இரண்டு ஆர்.டி.ஓ.எஸ்ஸுக்கு (நேரம் தவறாமல் வேலை செய்யும் நிகழ்நேர இயங்குதளம்), அடியில் இரண்டையும் பிரித்து வைக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். லினக்ஸ் பக்கம் ஒப்பரேட்டர் திரையும் கணக்கும் பதிவும். ஆர்.டி.ஓ.எஸ் பக்கம் மோட்டர்களை ஓட்டும் சர்வோ டிரைவுகள். ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் ஒருமுறை அவற்றுக்குக் கட்டளை போயாக வேண்டும். தவறினால் டிரைவ் அலாரம் போட்டு நிற்கும். சில மெஷின்கள் நிற்காமலே பையின் நூலில் தொங்கும் டேக்கைக் கோணலாக வெட்டிக்கொண்டு ஓடும்; அதுதான் கூடுதல் நட்டம்.

இந்தப் பெட்டிகளில் ஆர்.டி.ஓ.எஸ் நிரல் தானாகக் கெட்டுப்போனதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அதற்கென்று ஒதுக்கிய கோருக்குள் வேறு யாரோ கால் வைத்திருப்பார்கள். யார் என்று பிடிக்கத்தான் கீழே உள்ள வழி. நான் அதிகம் காணும் ஹைப்பர்வைசர் இன்டெல் பெட்டிகளில் லினக்ஸோடு சேர்ந்தே வரும் கே.வி.எம், அல்லது சீமென்ஸ் 2013இல் வெளியிட்ட ஜெயில்ஹவுஸ். ஸென், ஏக்கார்ன் போன்ற வேறு ஹைப்பர்வைசர் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைகள் மாறும், தேடும் வரிசை மாறாது.

## கை வைக்கும் முன்

சர்வோ டிரைவுகளின் மின்சாரத்தைத் துண்டித்து, ஆளிக்குப் பூட்டுப் போடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் நேரடி வயரில் மின்சாரத்தை வெட்டுகிறதா என்றும் பாருங்கள். மென்பொருள் வழியாக மட்டும் நிறுத்துகிற மெஷின் என்றால் வேறு எதையும் தொடாமல், மெஷினைச் செய்தவரை முதலில் கூப்பிடுங்கள்.

அப்புறம் பயாஸ் (தாய்ப்பலகையின் அடிப்படை நிரல்) திரைகள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். லினக்ஸ் கெர்னல் எழும்பும்போது வாசிக்கும் தொடக்க வரியையும், இன்டரப்ட் (கோரின் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) அட்டவணையையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். ஆர்.டி.ஓ.எஸ் பக்கம் சுற்றுத் தாமதத்தை எண்ணி வைக்கும் வரைபடம் இருந்தால் அதையும் எடுங்கள். இல்லையென்றால், அதே கோரில் ஒரு லினக்ஸை ஏற்றி சைக்ளிக்டெஸ்ட் என்ற தாமதம் அளக்கும் கருவியை ஓடவிட்டாலும் போதும்.

அந்த வரைபடத்தில் ஆகக் கூடிய தாமதம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வடிவத்தைப் பாருங்கள். மேடு முழுவதும் வலப்பக்கம் தள்ளியிருந்தால் கேஷ் (புரொசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) அல்லது நினைவகத்துக்கான போட்டி. மேடு இருந்த இடத்தில் இருக்க, பக்கத்தில் சின்னதாக இரண்டாவது மேடு முளைத்திருந்தால் பெரும்பாலும் இன்டரப்ட் அல்லது கெர்னல் வேலை. எங்கோ தூரத்தில் ஒன்றிரண்டு புள்ளி மட்டும் தனியாகக் கிடந்தால் பயாஸ் பக்கம் போங்கள். இந்த ஒரு பார்வை எனக்குப் பல இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரியாக்கியது என்று அடுத்த முறை தெரியாது.

## அறிகுறி: ஆர்.டி.ஓ.எஸ் எழும்பவே இல்லை

### நீண்ட மின்வெட்டுக்குப் பிறகா?

2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில் இந்த அழைப்பு அடிக்கடி வரும். இப்போதும் விடுமுறைக்கு மெயின் ஆளியை நிறுத்திவிட்டுப் போகிற இடங்களில் வருகிறது. தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர் 2032 பற்றரி செத்திருக்கும். கரண்ட் இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. போனவுடன் பல பலகைகளில் பயாஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும், ஹைப்பர்வைசருக்குத் தேவையான வி.டி-எக்ஸ், வி.டி-டி இரண்டில் ஒன்று அணைந்திருக்கும். லினக்ஸ் வழக்கம்போல எழும்பும், திரை வரும், மெஷின் மட்டும் வராது.

பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பற்றரியை மீட்டரில் அளந்து 2.7 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். முன்பு மெஷின் நன்றாக ஓடியபோது எடுத்து வைத்த படங்களைப் பார்த்துப் பழைய அமைப்பை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுங்கள். சி-ஸ்டேட் (கோரின் தூக்க நிலைகள்), டர்போ (தானாக வேகம் கூட்டுவது), ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது) எல்லாமே மாறியிருக்கும். வி.டி-டியை மட்டும் போட்டுவிட்டு வந்தால் மெஷின் எழும்பும், மறுநாள் கீழே உள்ள வேறு அறிகுறியோடு திருப்பி அழைப்பார்கள்.

### லினக்ஸ் புதுப்பித்த பிறகா?

கெர்னல் தொடக்க வரியைச் சேமித்த பழைய வரியோடு ஒப்பிடுங்கள். ஜெயில்ஹவுஸுக்கு ஒதுக்கிய நினைவகப் பகுதி அந்த வரியில்தான் இருக்கும். புதுப்பிப்பு அதை அழித்திருந்தால், தனக்குரிய நினைவகம் கிடைக்கவில்லை என்று ஹைப்பர்வைசர் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

### புது அட்டை செருகிய பிறகா, பயாஸ் மேம்படுத்திய பிறகா?

புது பி.சி.ஐ அட்டை வந்தால் பஸ் எண்கள் நகரும். பயாஸ் மாறினால் நினைவக வரைபடம் மாறும். ஜெயில்ஹவுஸின் அமைப்புக் கோப்பு அந்தப் பெட்டியின் பழைய உருவத்தைப் பார்த்து எழுதியது. பொருந்தாத ஒரு முகவரியை யாராவது தொட்டவுடன் செல் (ஜெயில்ஹவுஸ் பிரித்து ஒதுக்கிய பகுதி) விழுந்துவிடும். அட்டையைக் கழற்றினால் சரியாகிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாது என்றால் அமைப்புக் கோப்பைப் புதிதாக எழுத வேண்டும். முன்பு அதை எழுதியவர் நீங்கள் இல்லையென்றால் எழுதியவரைக் கூப்பிடுங்கள். ஊகித்து முகவரி போடுவது லினக்ஸையும் சேர்த்து விழுத்தும்.

## அறிகுறி: ஒவ்வொரு செக்கனிலும் 50 மில்லிசெக்கன் இடைவெளி

கே.வி.எம் பெட்டிகளில் மட்டும் வருவது. ஒழுங்காக வரும், தப்பாமல் வரும். விருந்தினரின், அதாவது ஹைப்பர்வைசருக்கு மேலே ஓடும் ஆர்.டி.ஓ.எஸ்ஸின், மெய்நிகர் சி.பி.யூ த்ரெட்டுக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்திருப்பார்கள். ஆர்.டி.ஓ.எஸ் சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் வகை என்றால், அந்தக் கோர் 100 வீதம் ஓடும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் நிகழ்நேர வேலைகளுக்கு ஒரு செக்கனில் 950 மில்லிசெக்கன்தான் அனுமதி. மீதி 50ஐப் பிடுங்கிவிடும். கெர்னல் பதிவில் ஆர்.டி த்ராட்லிங் தொடங்கியது என்று ஒரு வரி இருக்கும். ஒருமுறைதான் எழுதும், அதனால் பெட்டி எழும்பிய நேரம் தொட்டுத் தேடுங்கள்.

அந்தக் கோரில் வேறு எந்த வேலையும் இல்லை என்று உறுதியானால் மட்டும் வரம்பை மைனஸ் ஒன்றாக்குங்கள், வரம்பே இல்லை என்று அர்த்தம். உறுதியாக்காமல் போட்டால், அங்கே மாட்டிக்கொண்ட கெர்னல் த்ரெட் பட்டினி கிடந்து, சில மணி நேரத்தில் லினக்ஸ் திரை உறையும். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலிலிருந்து இந்த இடம் மாறியிருக்கிறது: சாதாரண வேலை ஏதாவது காத்துக் கிடந்தால்தான் அந்த 50 போகும். ஆகவே புதுக் கெர்னலில் இடைவெளி தெரிகிறது என்றால், அந்தக் கோரில் ஏதோ சாதாரண வேலை நிற்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி அப்புறப்படுத்துங்கள்.

## அறிகுறி: மெஷின் சும்மா நிற்கும்போதுதான் தாமதம் கூடுகிறது

வேலை கொடுத்தால் நன்றாக ஓடும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு முதல் சில சுற்றுகள் தவறும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இதுதான் இருப்பதிலேயே சுலபமான பிழை. கோர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டது. லினக்ஸில் சி.பி.யூ-ஐடில் கோப்புறைக்குள் ஒவ்வொரு சி-ஸ்டேட்டுக்கும் எழும்ப எத்தனை மைக்ரோசெக்கன் என்று எழுதியே இருக்கும். ஆழமான நிலைகளில் நூற்றுக்கு மேலே போவதைக் காணலாம்.

பயாஸில் சி-ஸ்டேட்டை அணையுங்கள். இல்லையென்றால் தொடக்க வரியில் சி-1க்கு மேல் போகாதபடி கட்டுங்கள். வேகத்தைத் தானாக மாற்றும் ஸ்பீட்ஸ்டெப்பையும் டர்போவையும் நிறுத்துங்கள். கோர் ஒரே வேகத்தில் ஓடினால் போதும், ஆகக் கூடிய வேகம் தேவையில்லை. பெட்டி கொஞ்சம் கூடுதலாகச் சுடும். அதனால்தான் அடுத்த அறிகுறியையும் கூடவே பாருங்கள்.

## அறிகுறி: காலையில் சரி, பின்னேரம் கெடுகிறது

கொழும்பு வெயிலும் ஈரப்பதமும் தெரிந்ததுதான். பூட்டிய பேனலுக்குள் இன்னும் மோசம். தேயிலைத் தூசு மிக மென்மையானது. வடிதுணியைத் தாண்டி ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் பழுப்பு நிறக் கம்பளி மாதிரி அடைந்துவிடும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். வெப்பம் கூடினால் புரொசசர் தானே வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறைப்புகளை லினக்ஸ் ஒவ்வொரு கோருக்கும் எண்ணி வைக்கிறது: தேர்மல் த்ராட்டில் கோப்புறையில் பாருங்கள். காலை ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை எண்ணை எழுதுங்கள். கூடியிருந்தால் காரணம் அதுதான்.

முதலில் வடிதுணி, பிறகு ஹீட்சிங், பிறகு விசிறி, பிறகு வெப்பப் பசை. இவ்வளவும் செய்தும் எண் ஏறினால் பேனலுக்குக் குளிரூட்டி வேண்டும். அதற்கு மின்னியல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: லினக்ஸ் பக்கம் வேலை கூடினால் மட்டும் சுற்றுத் தவறுகிறது

அதிகம் வருவதும், அதிகம் மினக்கெட வைப்பதும் இதுதான்.

வத்தளைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. டேக் சரிந்து வெட்டுகிறது என்று மூன்று நாள் சர்வோ டிரைவையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருந்தோம். இரவு ஷிப்ட் ஒப்பரேட்டர் அக்கா ஒரு தேயிலைப் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கொண்டுவந்து தந்தார். பின்பக்கம் பென்சிலால் ஒன்பது நேரங்கள். "தம்பி, நான் அந்தக் கிராப்பைத் திறந்தால்தான் சரிஞ்சு வெட்டுது, மூடினால் சரியா வருது. ஒருக்காப் பாருங்கோ." பதிவோடு ஒப்பிட்டேன். ஒன்பதும் பொருந்தின. ஒப்பரேட்டரிடம் முதலில் கேளுங்கள் என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். மெஷினோடு எட்டு மணி நேரம் நிற்பவர் அவர்தான்.

### இன்டரப்ட் வருகிறதா?

கே.வி.எம் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். ஜெயில்ஹவுஸ் கோரை லினக்ஸிடமிருந்து முழுதாகவே எடுத்துவிடும், அதனால் இந்தப் பகுதியையும் அடுத்ததையும் தாண்டலாம்.

இன்டரப்ட் அட்டவணையை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். ஆர்.டி.ஓ.எஸ் கோரின் பத்தியில் எந்த எண் ஏறியது? நெட்வொர்க் அட்டை என்றால், இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐ.ஆர்.க்யூ பேலன்ஸ் சேவை கொண்டுவந்து போட்டிருக்கும். அந்தச் சேவைக்குத் தடைசெய்த கோர்களைச் சொல்லுங்கள், அல்லது நிறுத்திவிட்டுக் கையால் வேறு கோருக்கு மாற்றுங்கள். என்.வி.எம்.ஈ டிஸ்க்கின் இன்டரப்டைக் கையால் மாற்ற முடியாது, எழுதினால் பிழை காட்டும். அதற்குத் தொடக்க வரியில் கோரைத் தனிமைப்படுத்தும் ஐசோல்-சி.பி.யூ அமைப்போடு மேனேஜ்ட்-ஐ.ஆர்.க்யூ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்.

ஏறியது உள்ளக டைமர் என்றால், கோரை லினக்ஸின் டைமர், பின்னணி வேலைகளிலிருந்து விலக்கும் நோ-ஹெர்ட்ஸ்-ஃபுல், ஆர்.சி.யூ-நோ-சி.பி அமைப்புகள் வரியில் இல்லை, அல்லது தவறான கோருக்குப் போட்டிருக்கிறார்கள்.

### விருந்தினரின் நினைவகம் அசைகிறதா?

விருந்தினரின் நினைவகத்தைப் பூட்டுங்கள். ஹியூஜ்பேஜில் (பெரிய நினைவகப் பக்கங்களில்) வையுங்கள். விருந்தினரின் நினைவகத்தைக் கூட்டிக் குறைக்கும் பலூனையும், ஒரே மாதிரிப் பக்கங்களைச் சேர்க்கும் கே.எஸ்.எம் சேவையையும் நிறுத்துங்கள். விருந்தினரை ஓட்டும் கியூஎமு நிரலின் மற்ற த்ரெட்டுகள் லினக்ஸ் கோரில்தான் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், மெய்நிகர் சி.பி.யூவை மட்டும் கட்டிவிட்டு இவற்றை மறந்துவிடுவது வழக்கம்.

### இரட்டைத் த்ரெட் பகிர்கிறதா?

நான்கு கோர், எட்டுத் த்ரெட் உள்ள பெட்டியில் 2, 3 என்ற எண்களை ஆர்.டி.ஓ.எஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாம் லினக்ஸுக்கு என்று விட்டிருப்பார்கள். பெரும்பாலான இன்டெல் பெட்டிகளில் 2உம் 6உம் ஒரே கோரின் இரண்டு வாசல்கள், 3உம் 7உம் அப்படியே. ஆறில் லினக்ஸ் ஏதாவது செய்தால் இரண்டில் ஆர்.டி.ஓ.எஸ் மெதுவாகும். எண் வரிசையை நம்பாமல் டோப்பாலஜி கோப்புறையில் த்ரெட் சிப்ளிங்ஸ் பட்டியலை வாசியுங்கள். தீர்வு, பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கை அணைப்பது. திரை கொஞ்சம் மெதுவாகலாம். அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

### கேஷும் நினைவகப் பாதையும்

மேலே உள்ளவை எல்லாம் சுத்தம், ஆனாலும் வரைபடத்தின் மேடே வலப்பக்கம் நகர்கிறது என்றால் இங்கே வந்துவிட்டீர்கள். ஹைப்பர்வைசர் கோரைப் பிரிக்கும், நினைவகத்தைப் பிரிக்கும். கடைசி நிலைக் கேஷையும் நினைவகத்துக்குப் போகும் பாதையையும் அது தானாகப் பிரிப்பதில்லை. புரொசசரோடு ஒட்டிய கிராபிக்ஸும் அதே பாதையில்தான் போகிறது. வத்தளையில் நடந்தது இதுதான்: ஒப்பரேட்டர் திரையில் திறந்த அந்தக் கிராப் ஒரு செக்கனுக்கு 60 தடவை முழுத் திரையையும் திருப்பி வரைந்துகொண்டிருந்தது.

உறுதிப்படுத்த, லினக்ஸ் கோரில் பெரிய நினைவகப் பகுதியை இடைவிடாது நகலெடுக்கும் சோதனையை ஓட்டுங்கள், ஸ்ட்ரெஸ்-என்ஜி போதும். மேடு நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மலிவான தீர்வு திரை நிரலில் இருக்கிறது. 60ஐ 5 ஆக்கினோம், டேக் நேரானது. இரவு நேர பேக்கப் காரணம் என்றால் அதன் வேகத்துக்கு வரம்பு போடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் புரொசசருக்குக் கேஷைப் பங்குபோடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் அதைக் கேட் என்கிறது, சி.பி.யூ விவரப் பட்டியலில் கேட்-எல்-2, கேட்-எல்-3 என்று இருக்கும். லினக்ஸில் ரெஸ்-கன்ட்ரோல் மூலம் ஆர்.டி.ஓ.எஸ் கோருக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம். எல்லாப் புரொசசரிலும் அது இல்லை. இல்லாத பெட்டியில் திரை வேலையைக் குறைத்தும் சரிவராவிட்டால், வேறு பெட்டி வாங்குவதைப் பற்றி உரிமையாளரோடு நேராகக் கதைக்க வேண்டிய நேரம் அது.

## அறிகுறி: எதோடும் சேராமல், எப்போதாவது ஒரு பெரிய தாமதம்

தூரத்தில் தனிப் புள்ளி. பெரும்பாலும் எஸ்.எம்.ஐ, அதாவது பயாஸுக்கென்றே வரும் இன்டரப்ட். பயாஸ் எல்லாக் கோரையும் பிடித்து நிறுத்தி, தன் வேலையைச் செய்துவிட்டு விடும். லினக்ஸுக்கும் தெரியாது, ஹைப்பர்வைசருக்கும் தெரியாது.

விருந்தினரை நிறுத்தி, வெறும் லினக்ஸில் ஹெச்-டபிள்யூ-லாட்-டிடெக்ட் கருவியைச் சில மணி நேரம் ஓட்டுங்கள். டர்போஸ்டாட்டில் எஸ்.எம்.ஐ பத்தியையும் பாருங்கள். எண் ஏறும் அதே நேரத்தில் தாமதம் என்றால் பிடிபட்டது.

நீங்கள் செய்யக்கூடியது, பயாஸில் யூ.எஸ்.பி லெகசி ஆதரவை அணைப்பதும், பலகைக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும். அதோடு நிறுத்துங்கள். எஸ்.எம்.ஐயை வலுக்கட்டாயமாக அணைக்கும் தந்திரங்கள் இருக்கின்றன. வெப்பப் பாதுகாப்பும் அதே வழியில் ஓடக்கூடும், பலகையே கருகலாம். பலகை செய்தவருக்கு எழுதுங்கள். பம்பலப்பிட்டியில் வாங்கிய சாதாரண மேசைக் கணினிப் பலகை என்றால் பதில் வராது. தொழில்துறைப் பலகைக்கு மாற வேண்டியிருக்கும்.

## அறிகுறி: இரண்டு பக்கமும் ஓடுகின்றன, ஆனால் தகவல் போகவில்லை

லினக்ஸைப் புதுப்பித்த மறுநாள் என்றால், பகிர்ந்த நினைவகத்தில் இருக்கும் தரவுக் கட்டமைப்பின் அளவை இரு பக்கமும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பிக் கம்பைல் செய்திருந்தால் பைட்டுகள் நகர்ந்திருக்கும். அளவு சரி என்றால் வரிசை எண்ணைப் பாருங்கள்: எழுதுபவரின் எண் ஏறி, வாசிப்பவரின் எண் நின்றால் மணி அடிக்கும் இன்டரப்ட் போய்ச் சேரவில்லை. இரண்டும் ஏறி, தரவு மட்டும் இடைக்கிடை குப்பையாக வந்தால் நிரலில் மெமரி பேரியர் (எழுதும், வாசிக்கும் வரிசையைக் காக்கும் கட்டளை) விடுபட்டிருக்கிறது. அது நிரல் எழுதியவரின் வேலை.

## அறிகுறி: இரு பக்கப் பதிவுகளின் நேரம் பொருந்தவில்லை

சரியாக 5 மணி 30 நிமிட வித்தியாசம் என்றால் பிழையே இல்லை. ஆர்.டி.ஓ.எஸ் உலக நேரத்திலும் லினக்ஸ் இலங்கை நேரத்திலும் எழுதுகின்றன. அக்காவின் அட்டையில் அதிகாலை 2:10 என்று இருந்தது, ஆர்.டி.ஓ.எஸ் பதிவில் முதல் நாள் 20:40. இதைக் கூட்டிப் பார்க்காமல் "பொருந்தவில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால், லினக்ஸ் எந்தக் கடிகார மூலத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். டி.எஸ்.சி (புரொசசருக்குள் இருக்கும் எண்ணி) இருக்க வேண்டும். ஹெச்பெட் (பலகையில் இருக்கும் வேறொரு கடிகாரம்) என்று இருந்தால், டி.எஸ்.சி நம்பத் தகாதது என்று கெர்னல் ஒதுக்கிவிட்டது. காரணத்தைப் பதிவில் எழுதியிருக்கும். முதலில் பயாஸ் புதுப்பிப்பு. திரும்ப வந்தால் பலகையை மாற்றுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

வெறுங்கையோடு கூப்பிடாதீர்கள். பயாஸ் படங்கள், பழைய, புதிய தொடக்க வரிகள், ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு இன்டரப்ட் அட்டவணைகள், தாமத வரைபடம் சும்மா நிற்கும்போது ஒன்றும் வேலை நேரத்தில் ஒன்றும், ஒப்பரேட்டர் குறித்த நேரங்கள். கெர்னல் 5.17 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ஆர்.டி.எல்.ஏ கருவியின் டைமர்லாட் அறிக்கையையும் சேருங்கள். எந்த வேலை குறுக்கே வந்தது என்று பெயரோடு சொல்லும். இவற்றை ஒரு பென்டிரைவில் போட்டு, பெட்டியின் தொடர் எண்ணை மேலே ஒட்டிக் கொடுங்கள். ஒரு நகல் பேனல் கதவின் உட்பக்கப் பையில் இருக்கட்டும்.